நாற்காலி போட்டு உட்கார்ந்த கதை

ஐஸ் அக்காவை வேலையை விட்டு அனுப்பிய கம்பெனி, அனுப்புகிற கடிதத்தில் அவளைக் குடும்பத்தில் ஒருத்தி என்று குறிப்பிட்டிருந்தது. அது இரண்டாவது வரி. குளிர்பதனக் கிடங்கின் சாவிக்கொத்தை வாசல் காவலரிடம் ஒப்படைத்து ரசீது பெற்றுக்கொள்ளவும் என்பது மூன்றாவது வரி. பதினான்கு வருஷம் ஐஸ்கிரீம் பெட்டிகளையும் உறைந்த பட்டாணி மூட்டைகளையும் கட்டிக்காத்தவள், நாற்பத்து நான்கு வயதில், கையில் அந்த ரசீதோடு வெயிலில் வந்து நின்றாள்.

அப்போது அவளுக்கு இந்தப் பெயர் கிடையாது. அதற்கு வழி பிறந்தது ஐந்து மாதம் கழித்து, முகநூலில் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியாததால். கிடங்கு வேலைக்கு ஒரு விளம்பரம் வந்திருந்தது. குறைந்தது பதினைந்து வருஷ அனுபவம் வேண்டும், வயது முப்பதைத் தாண்டக் கூடாது என்று அதில் போட்டிருந்தார்கள். அதன் கீழே அவள் எழுதினாள்: “மன்னிக்கணும், எங்கம்மா என்னைக் கிடங்குக்குள்ளயே பெத்துப் போட்டிருக்கணும். ஆஸ்பத்திரிக்குப் போனது அவங்க தப்பு.”

மறுநாள் காலைக்குள் நானூறு பேர் சிரித்திருந்தார்கள். வேலை கொடுக்கிற ஆள் ஒருவர்கூட அந்த நானூறில் இல்லை. ஆனால் முன்பின் தெரியாத ஒருவர் வாட்ஸ்அப் குழு ஒன்றின் இணைப்பை அனுப்பி, “நம்ம ஜாதி நீங்க. உள்ள வாங்க” என்று எழுதியிருந்தார். குழுவின் பெயர் ‘நாங்களே கூப்பிடுறோம்’. நேர்முகத்துக்குப் போய் அந்த இரண்டு வார்த்தையைக் கேட்டுவிட்டுத் திரும்பிய அறுபத்து மூன்று பேர் அதில் இருந்தார்கள்.

இணைப்பை அனுப்பியவர் நோட்டீஸ். அச்சகத்தில் ஃபோர்மேனாக இருந்தவர். அச்சகம் மூடப்படுகிறது என்கிற நோட்டீஸை அவர் கையாலேயே அச்சடித்தார்; மை மங்கலாக இருக்கிறது என்று முதலாளி திருப்பி அனுப்ப, இரண்டாவது தடவையும் அடித்துக் கொடுத்துவிட்டு வெளியே வந்தவர். அவருக்கு அடுத்தபடி ஹெச்.ஆர். அம்மா. ஒரே காலையில் அறுபது பேரை வேலையை விட்டு அனுப்பியவர். அழுகிறவர்களுக்காக மேஜைக்கு மேஜை காகிதக் கைக்குட்டைப் பெட்டி வைக்க ஏற்பாடு செய்ததும் அவர்தான். மதியம் சாப்பிட்டுவிட்டுத் திரும்பினால் அவருடைய மேஜையிலும் ஒரு பெட்டி இருந்ததாம். இந்தக் கதையை அவரே சொல்லிச் சிரிப்பார். குழுவில் அவர் அனுப்பிய அறுபதில் மூன்று பேர் இருந்தார்கள். அவர்களும் சிரிப்பார்கள், கொஞ்சம் அதிகமாகவே.

போன் கடையில் விற்பனையாளராக இருந்த பாட்டரி, ஏதாவது வாக்குவாதம் வந்தால் “சார்ஜ் இல்ல, அப்புறம் பேசுறேன்” என்று நழுவுகிற முப்பத்தைந்து வயது ஆள். லிஃப்ட், லிஃப்ட் மெக்கானிக். ஏழு மாதத்தில் குழுவில் ஒரு வார்த்தை எழுதியவன் இல்லை. எதற்கும் ஒரு கட்டைவிரல் பொம்மை, அவ்வளவுதான். ஒருவருக்கு வேலை கிடைத்தாலும் கட்டைவிரல், ஒருவருடைய மாமனார் இறந்தாலும் கட்டைவிரல்.

குழுவில் ஒரு வழக்கம் உண்டு. நிராகரிப்புக் கடிதம் வந்தால் அதைப் படம் பிடித்துப் போட வேண்டும். எல்லோரும் பத்துக்கு மார்க் போடுவார்கள். ‘தங்கள் திறமை எங்களை வியக்க வைத்தது’ என்று ஆரம்பித்து மூன்றாவது வரியில் கழுத்தறுத்த கடிதத்துக்கு எட்டு. பெயரைத் தப்பாக எழுதியிருந்தால் இரண்டு மார்க் குறைப்பு. பதிலே போடாத கம்பெனிக்கு ‘ஆப்சென்ட்’. ஐஸ் அக்கா முதல் கடிதத்தைப் போட்டபோது கண்ணில் தண்ணீர் நின்றது. “அக்கா, இதுல ‘எதிர்காலம் ஒளிமயமாக அமைய’ன்னு போட்டிருக்கான். ஒளிமயம் பழசு. அஞ்சுக்கு மேல தர மாட்டேன்” என்று நோட்டீஸ் எழுதினார். அழ வந்தவள் சிரித்துத் தொலைத்தாள். அதற்குப் பிறகு கடிதம் வந்தால் எத்தனை மார்க் தேறும் என்று பார்க்கிற புத்தி வந்துவிட்டது.

வீட்டில் அந்த வசதி இல்லை. கணவர் டிரைவிங் ஸ்கூலில் சொல்லிக்கொடுக்கிறவர். இருபது வருஷம் அடுத்தவர் பக்கத்தில் உட்கார்ந்து பிரேக்கை மிதித்த பழக்கத்தில், சோபாவில் உட்கார்ந்திருக்கும்போதும் அவள் குரல் கொஞ்சம் உயர்ந்தால் வலது கால் தானாகத் தரையை அழுத்தும். “பொறுமையாப் போ, பொறுமையாப் போ” என்பார். பள்ளிக்கூடத்தில் கடைசி வருஷம் படிக்கிற மகள், “அம்மா, உன் பயோடேட்டாவுல நீ சிரிக்கவே இல்ல” என்று குறை சொல்லிவிட்டுத் தன் அறைக்குப் போய்விடுவாள். இவர்களைக்கூடச் சமாளிக்கலாம். சமாளிக்க முடியாதது கொழுந்தன்.

கொழுந்தனுக்கு டைல்ஸ் கடை. தரைக்கு, சுவருக்கு, குளியலறைக்கு, எல்லாவற்றுக்கும் டைல்ஸ். பின்பக்கத்தில் வரிசையாகக் கழிப்பறைக் கோப்பைகள். வாரம் ஒரு தரம் வீட்டுக்கு வந்து, காலை நீட்டி உட்கார்ந்து, “அண்ணி, நம்ம கடை இருக்கும்போது வெளிய எதுக்கு அலையுறீங்க? முன்னாடி வரவேற்புல உக்காந்தா போதும். வேற ஒரு வேலையும் இல்ல. சும்மா உக்காரணும்” என்பான்.

“சும்மா உக்காரவா சம்பளம் தருவீங்க?”

“குடும்பத்துல ஒருத்தருக்கு என்னங்க அண்ணி கணக்கு?”

குடும்பத்தில் ஒருத்தர் என்கிற சொல்லை அவள் ஏற்கெனவே ஒரு கடிதத்தில் படித்திருந்தாள். கணவரின் கால் தரையை அழுத்தியது.

குழுவின் இன்னொரு வழக்கம் பொதுப் பானை. நேர்முகத்தில் நல்ல பதில் ஒன்று சொன்னவர் அதைப் பானையில் போட வேண்டும். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். போட்டதைத் திருப்பிக் கேட்கக் கூடாது. ‘உங்கள் பலவீனம் என்ன?’ என்கிற கேள்விக்கு மட்டும் பானையில் பதினோரு பலவீனங்கள் கிடந்தன. எல்லாமே பலம் மாதிரி வேஷம் போட்ட பலவீனங்கள். பஞ்சம் இருந்தது ஒரே கேள்விக்குத்தான். ‘ஒரு நெருக்கடியைச் சமாளித்த அனுபவத்தைச் சொல்லுங்கள்.’

“யார்கிட்டயாவது ஒரு நல்ல நெருக்கடி இருக்கா?” என்று ஹெச்.ஆர். அம்மா ஒருநாள் கேட்டார்.

ஐஸ் அக்காவிடம் இருந்தது. மிக்ஸி ஓடுகிற சமையலறையில் நின்றபடியே ஏழு நிமிஷக் குரல் பதிவாகச் சொல்லிப் போட்டாள். கோடையில் ஒருநாள் கிடங்கில் மின்சாரம் போயிற்று. ஜெனரேட்டர் இரண்டு தரம் இருமிவிட்டு நின்றது. உள்ளே கூரை வரை ஐஸ்கிரீம். முதலாளி போனில் கத்தினார்: கதவைத் திற, பக்கத்துக் கம்பெனியின் குளிர் லாரியைக் கேட்டிருக்கிறேன், எல்லாவற்றையும் ஏற்று. லாரி வர ஒரு மணி நேரம் ஆகும், கதவைத் திறந்து வைத்து ஏற்றினால் பாதி ஏற்றுவதற்குள் மீதி பாயசமாகிவிடும் என்று அவளுக்குத் தெரியும். பூட்டிய கதவுதான் குளிரைக் காக்கும். அவள் காவலர் அறையிலிருந்து ஒரு சிவப்புப் பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்து வந்து, கதவுக்குக் குறுக்கே போட்டு, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். மேனேஜர் கெஞ்சினார். முதலாளியே நேரில் வந்து மிரட்டினார். எழுந்திருக்கவில்லை. ஐந்து மணி நேரம் கழித்து மின்சாரம் வந்தது. ஒரு பெட்டிகூடக் கெடவில்லை.

“அக்கா! இது தங்கம்!” என்றார் ஹெச்.ஆர். அம்மா. ஏழு நிமிஷத்தை இழைத்து இரண்டு நிமிஷமாக்கினார். மிக்ஸியை எடுத்தார், முதலாளியின் கெட்ட வார்த்தைகளை எடுத்தார், இன்னும் நாகரிகமில்லாத சில விஷயங்களை எடுத்தார். கடைசியில் நாற்காலியின் ஒரு கால் உடைந்த விவரத்தை மட்டும் தூக்கி முன்னால் வைத்தார். “ஒரு கால் உடைஞ்ச நாற்காலியில அஞ்சு மணி நேரம். கேக்குறவனுக்குக் கண்ணு முன்னாடி நிக்கணும்.”

மளமளவென்று எடுத்துக்கொண்டார்கள். “அக்கா, உங்க நாற்காலியைப் போட்டேன், ரெண்டாவது ரவுண்டு போயிட்டேன்” என்று செய்தி வரும்போதெல்லாம் ஐஸ் அக்காவுக்குப் பெருமையாக இருந்தது. “எடுத்துக்கோங்க, தேயவா போகுது” என்று அவளே எழுதினாள். குழுவில் அவளுக்குப் பெயர் வைத்ததும் அந்த வாரத்தில்தான்.

வேலை போன எட்டாவது மாதம், மருந்து விநியோகம் செய்கிற கம்பெனி ஒன்று குளிர்பதனக் கிடங்குக்குப் பொறுப்பாளர் தேவை என்று விளம்பரம் போட்டது. அவளுக்கென்றே அளவெடுத்துத் தைத்த மாதிரி இருந்தது, வயதுகூடப் போடவில்லை. கொழுந்தன் அந்த வாரம், வெள்ளிக்கிழமையிலிருந்து வந்து உட்காருங்கள் அண்ணி, நாற்காலிகூட வாங்கியாச்சு, சுற்றுகிற நாற்காலி என்று சொல்லிவிட்டுப் போயிருந்தான். நேர்முகம் புதன்கிழமை. “இது கிடைக்கலைன்னா கடைக்குப் போறேன்” என்று கணவரிடம் சொன்னாள்.

நேர்முக அறை நல்ல குளிர். நுழைந்ததுமே பதினெட்டு டிகிரி என்று கணித்தாள்; சுவரில் இருந்த கருவியும் பதினெட்டுதான் காட்டியது. மேஜைக்கு அந்தப் பக்கம் இருவர். கண்ணாடியைக் கழுத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்டிருந்த அம்மாள்தான் நிர்வாகத் தலைவி. பக்கத்தில் ஜலதோஷம் பிடித்த ஒருவர், பதினெட்டு டிகிரியைச் சபித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தடுப்பூசிப் பெட்டிகளை எப்படி அடுக்குவாய், எலி வந்தால் என்ன செய்வாய், கதவு ரப்பர் கிழிந்ததை எப்படிக் கண்டுபிடிப்பாய் என்று கேட்டார்கள். “கதவுல ஒரு காகிதத்தை வச்சு மூடி இழுத்துப் பாப்பேன். வழுக்கிட்டு வந்தா ரப்பர் போச்சு” என்றாள். கண்ணாடியம்மா சிரித்து, எதையோ குறித்துக்கொண்டார்.

அப்புறம் அந்தக் கேள்வி. “நெருக்கடி ஏதாவது சமாளிச்சிருக்கீங்களா?”

ஐஸ் அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தாள். சொன்னாள். மின்சாரம் போன இடத்தில் ஜலதோஷக்காரர் தும்முவதை நிறுத்தினார். சாவியைச் செருகிய இடத்தில் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கதை பிடித்துவிட்டது என்று அவள் நினைத்தாள்.

“நாற்காலி என்ன நிறம்?” என்றார் கண்ணாடியம்மா.

“சிவப்புங்க.”

“ஒரு கால் உடைஞ்சதா?”

“ஆமாங்க! உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“இந்த வாரம் இது நாலாவது நாற்காலி.” கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “திங்கக்கிழமை மெயின்டெனன்ஸுக்கு ஒருத்தர் வந்தார். லிஃப்ட் மெக்கானிக். மெஷின் ரூம் வாசல்ல நாற்காலி போட்டு உக்காந்தாராம். ரொம்பக் கொஞ்சமாப் பேசினார், அதனால நம்பி வெள்ளிக்கிழமை ரெண்டாவது ரவுண்டுக்கு வரச் சொல்லியிருக்கோம். அன்னைக்கே சாயங்காலம் லேபிள் பிரிவுக்கு ஒரு அச்சகக்காரர். பேப்பர் கோடவுன் வாசல். நேத்து டிஸ்பாச்சுக்கு ஒருத்தர். போன் வச்சிருக்குற ரூம் வாசல்ல அஞ்சு மணி நேரம்.”

“கரண்ட் போனா போன் உருகிடுமான்னு கேட்டேன்” என்றார் ஜலதோஷக்காரர். “சார்ஜ் இல்லைன்னு சொல்லிட்டு எந்திரிச்சுப் போயிட்டார்.”

“ஐயோ, அது என் கதைங்க!”

“எல்லாரும் அவங்க கதைன்னுதாம்மா சொல்றாங்க. எங்க கணக்குக்கு முதல்ல சொன்னவர்தான் சொந்தக்காரர்.” கோப்பை மூடினார். “மருந்துக் கிடங்கு இது. டிகிரி தப்பா எழுதுறவங்களை வச்சுக்க முடியாது. பொய் சொல்றவங்க டிகிரியும் தப்பா எழுதுவாங்க. சரி, நாங்களே கூப்பிடுறோம்.”

பஸ்ஸில் திரும்பும்போது அவளுக்கு அழுகை வரவில்லை. வாழ்க்கையில் ஒரே ஒரு நாள் அவள் யாருக்கும் அடங்காமல் உட்கார்ந்திருந்தாள். அந்த ஒரு நாளுக்கும் இப்போது லிஃப்ட்தான் சொந்தக்காரன்.

வீட்டுக்கு வருகிற வரைகூடப் பொறுக்காமல், பஸ் நிறுத்தத்தில் நின்றே குழுவில் எழுதினாள். “என் கதையை நானே திருடிட்டேன்னு வெளிய அனுப்பிட்டாங்க. யார் யார் எங்க எங்க சொல்லி வச்சிருக்கீங்க? உண்மையைச் சொல்லுங்க.”

ஒவ்வொருவராக ஆரம்பித்தார்கள்.

“அக்கா, நான் ரெண்டு இடத்துல.”

“நான் ஒரே இடம்தான், ஆனா அங்க நாலு பேர் கேட்டாங்க.”

“நான் அதுல ஒரு தீ விபத்தையும் சேத்துட்டேன். மன்னிச்சிருங்க.”

“மருந்துக் கம்பெனியில லேபிள் பிரிவுக்கு நான்தாம்மா” என்றார் நோட்டீஸ். “பேப்பர் கெட்டுப்போகாதுன்னு பாதிக் கதையிலதான் ஞாபகம் வந்துச்சு. அதுக்குள்ள உக்காந்துட்டேன், எந்திரிக்க முடியல.”

பாட்டரி: “சார்ஜ் இல்ல, அப்புறம் பேசுறேன்.”

கணக்கெடுத்ததில் பத்தொன்பது பேர் ஊர் முழுக்க நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். இருபதாவதாக ஹெச்.ஆர். அம்மா வந்தார். “நானும்தான். வேலை நீக்கக் கடிதம் எல்லாம் இருந்த ரூம் வாசல்ல உக்காந்து, யாருக்கும் குடுக்க விடலைன்னு சொன்னேன்.” அவர் அனுப்பிய அறுபதில் மூவரும் அதற்குச் சிரிப்புப் பொம்மை போட்டார்கள்.

“ரூல் ரூல்தான், பானையில போட்டதைத் திருப்பிக் கேக்கக் கூடாது” என்று யாரோ ஒருவன் சட்டம் பேச, மற்றவர்கள் சேர்ந்து அவனைக் கிழி கிழியென்று கிழித்தார்கள். கம்பெனிக்கு எல்லோரும் கையெழுத்துப் போட்டு மனு எழுதலாம் என்றார் நோட்டீஸ்; இலவசமாக அச்சடித்தே தருகிறேன் என்றார். “இருபது பொய்யங்க சேந்து ஒருத்தி உண்மையைச் சொல்றான்னு எழுதினா எவன் நம்புவான்?” என்றார் ஹெச்.ஆர். அம்மா.

லிஃப்ட் மட்டும் ஒன்றும் போடவில்லை. கட்டைவிரல்கூட.

ஐஸ் அக்கா அவனுக்குத் தனியாக எழுதினாள். அவன் பெண்டாட்டிக்கு எட்டு மாதம் என்று யாரோ குழுவில் சொன்னது நினைவிருந்தது. “தம்பி, உங்களுக்கு வெள்ளிக்கிழமை ரெண்டாவது ரவுண்டு இருக்குமே. நல்லாப் பண்ணுங்க. நாற்காலி பத்தி ஒண்ணும் வாயைத் திறக்காதீங்க. எனக்கு வேற வேலை இருக்கு.” அனுப்பிய பிறகு இரண்டு தரம் அழிக்கப் பார்த்தாள். அழிக்கவில்லை.

பத்து நிமிஷம் கழித்து கட்டைவிரல் வந்தது. அவன் விஷயத்தில் அதற்கு என்ன வேண்டுமானாலும் அர்த்தம்.

வெள்ளிக்கிழமை காலை அவள் டைல்ஸ் கடையில் இருந்தாள். சுற்றுகிற நாற்காலி நிஜமாகவே சுற்றியது. வேலை என்று ஒன்றும் இல்லை. கொழுந்தன் சொன்ன சொல் தவறவில்லை. கதவு திறந்தால் சிரிக்க வேண்டும், மூடினால் சிரிப்பை நிறுத்திக்கொள்ளலாம். பின்பக்கத்தில் வயதான தம்பதி கழிப்பறைக் கோப்பை பார்த்துக்கொண்டிருந்தார்கள். உயரம் சரியாக இருக்குமா என்று கணவர் ஒவ்வொன்றிலும் உட்கார்ந்து பார்க்க, மனைவி தள்ளி நின்று தலையை ஆட்டினாள்.

பதினொன்றரைக்குப் போன் அடித்தது. தெரியாத எண்.

“மருந்துக் கம்பெனியிலேர்ந்து பேசுறேன்.” கண்ணாடியம்மாவின் குரல். “இங்க ஒருத்தர் எதிர்ல உக்காந்துக்கிட்டு, நாற்காலி தன்னோடது இல்லைங்கிறார். உங்களோடதாம். வேலை வேண்டாம், அதை மட்டும் எழுதிக்கோங்கன்னு அடம் பிடிக்கிறார். ஸ்பீக்கர்ல போட்டிருக்கேன்.”

“அக்கா.” கரகரத்த, பழக்கமில்லாத குரல். “நான் லிஃப்ட்.”

ஐஸ் அக்காவின் நாற்காலி அரை வட்டம் சுற்றி நின்றது. “அடப்பாவி! உன்னை என்ன சொன்னேன் நான்?”

“கட்டைவிரல் போட்டேனேக்கா.”

“இருங்க, உங்க சண்டையை அப்புறம் வச்சுக்கோங்க” என்றார் கண்ணாடியம்மா. “ரெண்டு பேரும் கூட்டாளிங்களா இருக்கலாம். எனக்கு எப்படித் தெரியும்? ஒண்ணு கேக்குறேன். கரண்ட் வந்ததும் முதல்ல என்ன பண்ணீங்க? இவர் கதவைத் திறந்தேன்னு திங்கக்கிழமை சொல்லியிருக்கார்.”

“திறக்கவா?” அவளுக்கு எங்கிருந்து அந்தக் கோபம் வந்ததோ தெரியவில்லை. கடை முழுக்கக் கேட்டது. “புத்தி இருக்கா அவனுக்கு? அஞ்சு மணி நேரம் காத்துட்டு, கரண்ட் வந்த அந்த நிமிஷத்துல திறந்தா உள்ள இருக்குற குளிர் மொத்தமும் வெளிய வந்துராது? மோட்டார் ஓடி, டிகிரி பழைய இடத்துக்கு இறங்கணும். வெளிய இருக்குற மீட்டரைப் பாத்தேன். மணியையும் டிகிரியையும் நோட்டுல எழுதினேன். இன்னும் ரெண்டு மணி நேரம் அங்கயே உக்காந்தேன். அதுக்கப்புறம்தான் திறந்தேன்!”

“அப்ப மொத்தம் ஏழு மணி நேரம்.”

“ஏழு மணி நேரம்.”

“மூணு கால் நாற்காலியில?”

“மூணு கால் நாற்காலியில யாருங்க ஏழு மணி நேரம் உக்கார முடியும்? உக்காரும்போது நாலு கால்தான். எனக்குக் காலு ரெண்டும் மரத்துப் போச்சு. லோடு ஏத்துற ரெண்டு பேரு கையைப் புடிச்சுத் தூக்கினாங்க. நான் எந்திரிச்சேன், நாற்காலி எந்திரிக்கல. அப்ப உடைஞ்சதுதான் அந்தக் கால்.”

அந்தப் பக்கம் யாரோ தும்மினார்கள். கண்ணாடியம்மா குரலைக் கொஞ்சம் தாழ்த்தினார். “தப்பா நினைக்காதீங்க. ஏழு மணி நேரம் பாத்ரூம் போகலையா?”

“போனேன்!” என்று ஐஸ் அக்கா கத்தினாள். கோப்பையில் உட்கார்ந்திருந்த பெரியவர் திடுக்கிட்டு எழுந்தார். “ஒரு தடவை போனேன். சாவியை இடுப்புலயே வச்சுக்கிட்டுப் போனேன். நாற்காலியில காவலரை உக்கார வச்சு, எந்திரிச்சா கொன்னுடுவேன்னு சொல்லிட்டுப் போனேன். சாவி கழண்டு உள்ள விழுந்துரப் பாத்துச்சு. விழுந்திருந்தா கையை விட்டு எடுத்திருப்பேன். இதையெல்லாம் அந்த ஹெச்.ஆர். அம்மா நாகரிகமா இல்லைன்னு வெட்டிட்டாங்க!”

போனில் கண்ணாடியம்மா சிரிக்கிற சத்தம் கேட்டது.

“மூணு பேர் இங்க வந்து அஞ்சு மணி நேரம் உக்காந்தாங்க. ஒருத்தரும் பாத்ரூம் போகல” என்றார். “திங்கக்கிழமை வந்து சேருங்க. மூணு மாசம் பாப்போம்.”

“அந்தத் தம்பி?”

“பொய் சொன்னவரை ஆறு மாசத்துக்குக் கூப்பிடக் கூடாதுன்னு எங்க விதி. உண்மையையும் சொன்னவருக்கு வேற விதி இல்லை. நான் கேட்டுப் பாத்தேன்.”

“பரவாயில்லக்கா” என்றான் லிஃப்ட். போன் வைக்கப்பட்டுவிட்டது.

நிமிர்ந்து பார்த்தாள். கொழுந்தனும் அந்தத் தம்பதியும் வரிசையாக நின்று அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“சாவி விழுந்துச்சாம்மா, இல்லையா?” என்று கேட்டாள் அந்த மனைவி.

“இல்லம்மா.”

“அப்பாடா” என்றாள் அவள். அதே கையோடு உயரமான கோப்பை ஒன்றுக்கு முன்பணம் கொடுத்தார்கள். ஒரு நாள் வேலையில் ஐஸ் அக்கா செய்த ஒரே விற்பனை அதுதான். “அண்ணி, நீங்க போகணுமா?” என்றான் கொழுந்தன், முதல் தடவையாக உண்மையான வருத்தத்தோடு.

வேலை கிடைத்தவர் ஒரு நாளுக்குள் குழுவை விட்டு வெளியேற வேண்டும் என்பது இன்னொரு விதி. இருக்கிறவர்கள் வயிறு எரியக் கூடாது என்பதற்காக நோட்டீஸ் வகுத்தது அது. ஐஸ் அக்கா நீளமாக ஒரு நன்றி எழுதினாள். ஹெச்.ஆர். அம்மா அதை இரண்டு வரியாக வெட்டிக் கொடுத்தார். அவள் வெட்டாததையே போட்டாள். அறுபத்து இரண்டு கட்டைவிரல்கள் வந்தன, லிஃப்ட் மட்டும், அதிசயமாக, ஒரு வார்த்தை எழுதியிருந்தான்: “போயிட்டு வாங்க.”

வெளியேறிய பன்னிரண்டாவது நிமிஷம் வேறு ஒரு குழுவில் அவளைச் சேர்த்தார்கள். பெயர் ‘கூப்பிட்டாங்க’. பழைய குழுவிலிருந்து வேலை கிடைத்துப் போனவர்கள் நூற்றுப் பன்னிரண்டு பேர், முதலாளிகளைப் பற்றி மூச்சு விடாமல் திட்டிக்கொண்டிருந்தார்கள். ஆதரவு தேவைப்படுகிறவர்கள் இந்தப் பக்கம்தான் அதிகம் என்று அவளுக்குத் தோன்றியது. லிஃப்ட்டுக்கு ஏதாவது இருக்கிறதா என்றுதான் அங்கே அவள் முதலில் கேட்டாள். மூன்று விலாசங்கள் வந்தன. ஒன்றுகூட இதுவரை தேறவில்லை, தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

வேலையில் சேர்ந்த இரண்டாவது மாதம், கிடங்குக்கு உதவியாளர் எடுக்க வேண்டியிருந்தது. கண்ணாடியம்மா அவளையும் பக்கத்தில் உட்காரச் சொன்னார். வந்தவன் முப்பது வயதுக்காரன். சட்டையில் மடிப்புக் கலையவில்லை. பழைய குழுவில் அவள் பார்த்த பெயர் இல்லை அது. கேட்ட குரலும் இல்லை.

“நெருக்கடி ஏதாவது சமாளிச்சிருக்கீங்களா?” என்று கேட்டார் கண்ணாடியம்மா.

அவன் தொண்டையைச் செருமிக்கொண்டான். “ஒரு தடவை கோடையில கரண்ட் போயிடுச்சுங்க. ஜெனரேட்டரும் ஓடலை. கதவைத் திறக்கச் சொல்லி முதலாளி கத்துறார். நான் ஒரு நாற்காலியை எடுத்து...”

கண்ணாடியம்மா மெல்லத் திரும்பி ஐஸ் அக்காவைப் பார்த்தார். ஐஸ் அக்கா மேஜையைப் பார்த்தாள்.

அவன் நன்றாகத்தான் சொன்னான். நாற்காலி நீல நிறமாகியிருந்தது. முதலாளி கூடவே ஒரு போலீஸ்காரரையும் அழைத்து வந்தார். மழை வேறு பெய்தது. அவள் இடுப்பில் இருந்த சாவியை அவன் வாய்க்குள் வைத்துக்கொண்டிருந்தான். அது அவளுக்கே தோன்றாமல் போன விஷயம். முதலாளி காலில் விழுகிற கட்டத்தில் ஐஸ் அக்கா தன்னையறியாமல் முன்னால் சாய்ந்து கேட்டாள். ஒன்பதாவது மணி நேரத்தில் மின்சாரம் வந்தது.

“ஒரு பெட்டிகூடக் கெடலைங்க” என்று முடித்தான்.

“சரி, நாங்களே கூப்பிடுறோம்” என்றார் கண்ணாடியம்மா.

அவன் முகம் விழுந்ததை அவள் பார்த்தாள். அந்த முகம் அவளுக்கு நன்றாகத் தெரியும். எழுந்து கதவு வரை கூடவே போனாள். வெளியே நடைவழியில் அவனுடைய கோப்பின் மூலையில் பழைய குழுவின் இணைப்பை எழுதினாள்.

“இதுல சேருங்க. பானையிலேர்ந்து எதை வேணா எடுத்துக்கோங்க” என்றாள். “ஆனா அடுத்த இடத்துல அஞ்சு மணி நேரம்னு சொல்லுங்க. ஒம்பது தாங்காது. நடுவுல ஒரு தடவை பாத்ரூமும் போயிட்டு வந்துருங்க.”